முகத்துவாரத்துக்குப் பதினொரு பக்கம்

மழை தூறிக்கொண்டிருந்தது. வயலோரத்து மருத மரத்தின் கீழே ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று, பதினொரு பக்க இங்கிலீசுக் கடதாசி ஒன்றை நான் உரத்து வாசித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அறுபது எழுபது பேர் இருக்கும். அவர்களில் இங்கிலீசு தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் வாங்கின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் வட்டை விதானையார் கந்தப்போடி குடை பிடித்தார். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வயல்வெளி முழுவதற்கும் பெயர். அதன் தண்ணீர், வரம்பு, காவல் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் விதானையார். அறுபது வயது மனிதர், தான் நனைந்துகொண்டு, இருபத்திரண்டு வயதுக்காரனான எனக்குக் குடை பிடித்தார். கடதாசி நனையக் கூடாதே என்றுதான் பிடித்திருப்பார். நான் எனக்கென்று நினைத்து நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன்.

நாலாம் பக்கத்துக்கு வந்ததும் குரலை ஏற்றினேன்.

"ஓப்பன்! அன்லொக்! அன்பார்! அன்சீல்! அன்கவர்! டிஸ்குளோஸ்!"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கையால் ஒரு வீச்சு. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன கம்பீரம் பாருங்க! கோயில்ல நூத்தெட்டுப் பேர் சொல்லி அருச்சனை செய்ற மாதிரி இரிக்கு," என்றார் விதானையார்.

வாசித்து முடித்தேன்.  பிறகு பின்னுக்கு, ஓலைக் கொட்டிலின் கீழ் பெண்கள் ஒதுங்கி நின்ற பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்க!"

யாருடைய குரல் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. உலகமே கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, முதலாம் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். துறையில் நின்ற தோணிக்காரன் மூன்று தரம் கூவிப் பார்த்துவிட்டுத் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அன்று பட்டணத்துக் கந்தோர், அதாவது அரசாங்க அலுவலகம், மூடுவதற்கு முன்னால் போய்ச் சேரக்கூடிய கடைசித் தோணி அது.

அந்த நேரத்தில் என் அக்காவின் வயல் தண்ணீருக்கடியில் கிடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டியதில்லை.

வாய் அடைத்துக்கொண்ட வாவி

மட்டக்களப்பைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வாவி கடலோடு சேருகிற இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து அந்த வாயை அடைத்துவிடும். மாரியில் மேற்கேயிருந்து வருகிற தண்ணீரெல்லாம் வாவிக்குள் விழும். போக வழியில்லாமல் அது பின்னுக்கு ஏறி, படுவான்கரை வயல்களுக்குள் புகுந்துவிடும். படுவான்கரை என்பது பொழுது படுகிற மேற்குக் கரை. நாங்கள் இருந்தது பொழுது எழும்புகிற கரையில், ஆரையம்பதியில். வீடு இக்கரை, வயல் அக்கரை, நடுவில் தோணி.

அந்த மணல் திடலை வெட்டிவிட்டால் தண்ணீர் ஒரே நாளில் கடலுக்குள் ஓடிவிடும். ஆனால் நினைத்தவன் நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது. மீன்பிடிக்கிறவர்களுக்கு வாய் அடைத்திருந்தால் நல்லது, வேளாண்மை செய்கிறவர்களுக்குத் திறந்திருந்தால் நல்லது. ஆகவே பட்டணத்துப் பெரிய கந்தோரில் ஒரு பெட்டிசம் கொடுத்து, உத்தரவு வாங்கி, இரண்டு பக்கத்தாரும் அறிய வெட்டுவதுதான் வழக்கம்.

வருஷா வருஷம் அந்தப் பெட்டிசத்தை எழுதியவர் சாமித்தம்பி என்று ஒரு பெரியவர். அவருடைய பெட்டிசம் மொத்தம் மூன்று வரி. அதைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. "இது பெட்டிசமா, மளிகைக் கடைத் துண்டா?" என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறேன். அந்த வருஷம் கார்த்திகையில் அவர் கண்ணை மூடிவிட்டார். மார்கழியில் மழை பிடித்துக்கொண்டது.

கல்லடிப் பாலம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது உலகச் சண்டை இன்னும் வரவில்லை. நான் பட்டணத்தில் ஒரு பிரக்கிராசியாரிடம், அதாவது வழக்குப் பேசுகிறவரிடம், கிளாக்கராக இருந்தேன். கோட்டு ஒன்று இருந்தது. பொத்தான் இரண்டு இல்லை.

அக்காவின் பள்ளக்காணி

எங்கள் பக்கத்தில் காணி பெண்ணோடு போகும். வீடும் வயலும் மகளுக்கு. மகன் கட்டுகிற இடத்துக்குப் போய்விடுவான். அப்படி அம்மாவிடமிருந்து என் அக்கா பூமணிக்கு வந்தது கொக்குத்தரவை வட்டையில் உள்ள பள்ளக்காணி. பெயரே சொல்கிறது, வட்டையிலேயே அதுதான் தாழ்ந்த நிலம். கோடையில் கடைசியாகக் காயும், மாரியில் முதலாவதாக மூழ்கும். ஆனால் தண்ணீர் அளவாக நின்ற வருஷத்தில் அது போல விளைகிற காணி வேறு இல்லை.

எனக்குச் சீதனமாக வந்தது இங்கிலீசு. அதுவும் அந்தப் பள்ளக்காணியிலிருந்துதான் வந்தது. அப்பா போன பிறகு அக்காவும் அத்தானும் நெல்லை விற்று என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படிப்பித்தார்கள். என் சப்பாத்து, என் புத்தகம், என் கோட்டு, கடைசியாகத் தலையணை அளவில் நான் வாங்கிய ஒரு இங்கிலீசு அகராதி, எல்லாம் அந்த நெல்தான். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு எடுத்த புதுச் சட்டையைவிட எனக்கு எடுத்த சட்டைதான் கூட.

ஒரு வரி போதும் என்றவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பள்ளக்காணியின் வரம்பைத் தாண்டிவிட்டது. பயிர் குடலைப் பருவம், கதிர் வயிற்றுக்குள் இருந்தது. முழங்காலளவு தண்ணீரில் நுனி மட்டும் தெரிந்தது.

காத்தான்குடியிலிருந்து அகமது லெவ்வை காக்கா வந்திருந்தார். முஸ்லிம்களில் மூத்தவரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் அதே வட்டையில் காணி உண்டு. பட்டணத்தில் புடைவை வியாபாரம். இருந்தாலும் வயலில் இறங்கினால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும் போல சேறு மிதிப்பவர்.

"இனி ஆர் பெட்டிசம் எழுதுறது?" என்று விதானையார் கேட்டார்.

"நான் எழுதுறன்," என்றேன். கேட்டு முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லம் தம்பி. இந்தா, நாளைக்கு விடிய முதல் தோணியில போகக்குள்ள எழுது. 'தண்ணி ஏறிட்டு, முகத்துவாரத்த வெட்டணும்.' ஒரு வரி போதும். நாளைக்கே குடுத்திரு."

"காக்கா, ஒரு வரியெல்லாம் கந்தோர்ல மதிக்க மாட்டாங்க. நான் ஒழுங்காச் செய்து தாறன்."

"ஒழுங்கு என்ன ஒழுங்கு மனே? வீடு பத்துது எண்டா 'நெருப்பு' எண்டுதானே கத்துவ?"

எனக்குக் கோபம் வந்தது. புடைவை அளக்கிறவருக்குப் பாஷையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்லது.

அக்கா வரம்பில் நின்றாள். "தம்பி எழுதுவான். அவனுக்குத் தெரியும்," என்றாள்.

யானைக்கு எத்தனை பேர்?

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். போன கிழமைப் பத்தியில் நான் எழுதிய, சைக்கிளிலிருந்து வாய்க்காலுக்குள் விழுந்த கதையை வாசித்துவிட்டு, "நீர் விழாத இடம் ஒன்றாவது உண்டா?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஐயா, பொறும். நான் அகராதிக்குள் விழுந்தது இன்னும் ஆழம்.

சின்ன வயதில் எங்களுக்கு நிகண்டு பாடமாக்க வைப்பார்கள். யானை என்றால் களிறு, வேழம், கரி, வாரணம், கைம்மா, தும்பி, மாதங்கம் என்று மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். எந்தப் பேரைச் சொன்னாலும் அது யானைதான். கூடுதலான பேர் தெரிந்தவன் கூடுதலாகப் படித்தவன். நான் அதில் கெட்டிக்காரன். சோறு போடாத கெட்டித்தனம்.

எங்கள் ஆட்கள் வேறொரு விதத்திலும் பேர் மாற்றுவார்கள். சூடு என்கிற நெற்போரை அடிக்கிற களவெட்டிக்குள் போனால் நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்று சொல்ல வேண்டும். இல்லை, குறைந்தது, முடிந்தது என்று பொருள்படும் எந்தச் சொல்லும் அங்கே ஆகாது. சொன்னால் பொலி போய்விடும். கடைசிக் கூடையை அள்ளிவிட்டுக் களம் காலியாகக் கிடந்தாலும் "நிறைஞ்சிரிக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். பட்டணத்தில் படித்த திமிரில் இதைப் பற்றியும் நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கான கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் பிரக்கிராசியாரின் கந்தோரில் உட்கார்ந்து அகராதியை விரித்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். திறப்பதற்கு இங்கிலீசில் ஓப்பன். பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பிலேயே படித்தது, பலசரக்குக் கடைப் பலகையில்கூட எழுதியிருக்கும். இவ்வளவு மலிவான சொல்லை அவ்வளவு பெரிய துரைக்கு எழுதுவதா?

அகராதியில் ஓப்பனுக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. அடேயப்பா! கதவு திறந்திருந்தாலும் ஓப்பன், மறைப்பு இல்லாத வெட்டவெளியும் ஓப்பன், உள்ளதைச் சொல்கிற மனிதனும் ஓப்பன், ஆறாத புண்ணும் ஓப்பன், தீராத வழக்கும் ஓப்பன். அதன் பிறகு சொந்தக்காரச் சொற்கள் வரிசையாக வந்தன. பூட்டைத் திறந்தால் அன்லொக், முத்திரையை உடைத்தால் அன்சீல், மடித்ததை விரித்தால் அன்ஃபோல்ட், போத்தலின் தக்கையைப் பிடுங்கினால் அன்கோர்க், சட்டையைக் கழற்றினால் அன்பட்டன், இரகசியத்தை வெளியிட்டால் டிஸ்குளோஸ், விழா வைத்துத் தொடங்கினால் இனாகுரேட்.

நிகண்டு படித்த மூளை துள்ளிக் குதித்தது. எல்லாம் ஒரே யானையின் பேர் என்று நினைத்துவிட்டேன். இங்கிலீசில் ஒவ்வொரு பேருக்கும் தனித்தனியாக ஒரு யானை நிற்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்று நாள் உழைப்பு

திங்கள் முழுவதும் சொல் பொறுக்கினேன். செவ்வாய் அவற்றை ஓசைப்படி அடுக்கினேன். 'தாழ்மையுள்ள' என்பதற்கு மட்டும் ஒன்பது சொல் கிடைத்தது, ஒன்றையும் விடவில்லை. முதல் மூன்று பக்கம் நாங்கள் எவ்வளவு தாழ்மையானவர்கள் என்பது. அடுத்த நாலு பக்கம் முகத்துவாரத்தை எத்தனை விதமாகத் திறக்கலாம் என்பது. மிச்சம் நன்றி.

செவ்வாய் பின்னேரம் அத்தான் ஆள் அனுப்பியிருந்தார். "தண்ணி இடுப்பளவு. நுனி தெரியல்ல. கடதாசி குடுத்தாச்சா?" என்று கேட்டிருந்தார்.

"நல்லா வந்துகொண்டிரிக்கு எண்டு சொல்லு," என்று வந்த ஆளிடம் சொல்லி அனுப்பினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

புதன்கிழமை நல்ல தாளில், புது நிப்புப் போட்டு, படி எடுத்தேன். ஒரு பக்கத்தில் மை சிந்தியது. அந்தப் பக்கத்தை இரண்டாம் தரம் எழுதியபோது இன்னும் இரண்டு சொல் ஞாபகம் வந்தது. சேர்த்துக்கொண்டேன். அன்பட்டன் அப்போதுதான் உள்ளே வந்தது.

வியாழக்கிழமைதான் மருத மரத்தடி வாசிப்பு. பெட்டிசத்தை ஊருக்கு வாசித்துக் காட்டி, வீட்டுக்கொருவர் கைநாட்டு வைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். சாமித்தம்பியரின் மூன்று வரியை வாசித்துக் கைநாட்டு வாங்க ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் போதும். எனக்கோ, இரண்டாம் தரமும் வாசித்ததில், காலைப் பொழுது முழுவதும் போனது.

காக்கா பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு கடதாசியை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இதுல தண்ணி எண்டு எங்கயாவது இரிக்கா?"

"இரிக்கு காக்கா. ஆறு பேர்ல இரிக்கு."

"ஒரு பேர்ல இரிந்தா எனக்குக் காணும்," என்று சொல்லிக் கைநாட்டை வைத்தார். அல்லாஹ்வின் பெயரையும் கூடவே முணுமுணுத்தார். அவருக்கு என் பெட்டிசத்தில் நம்பிக்கை இல்லை என்று அதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"எந்த வட்டை, ஐசே?"

வெள்ளிக்கிழமை பெரிய கந்தோருக்குப் போனேன். துரையைக் காண்பதற்கு முன் பெரிய கிளாக்கரைக் காண வேண்டும். அவர் போர்த்துக்கீசர் வழிவந்த ஒரு பறங்கியர். வீட்டில் ஒரு பாஷை, கந்தோரில் ஒரு பாஷை, எங்களோடு எங்களைவிடத் திருத்தமான மட்டக்களப்புத் தமிழ். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாம் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தை வாசித்தார். மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐசே, இது என்ன?"

"பெட்டிசம், சேர்."

"அது விளங்குது. உனக்கு என்ன வேணும்?"

"நாலாம் பக்கத்துல இரிக்கு, சேர்."

"நான் உன்னட்டக் கேக்கிறன்."

"முகத்துவாரம் வெட்டணும், சேர்."

"ஆ! இத வாயால சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? எந்த வட்டை?"

"கொக்குத்தரவை."

"அத எங்க எழுதியிரிக்காய்?"

கடதாசியை வாங்கிப் புரட்டினேன். பதினொரு பக்கம். முன்னிருந்து பின்னுக்கும் பின்னிருந்து முன்னுக்கும் புரட்டினேன். வட்டையின் பெயர் இல்லை. எத்தனை ஏக்கர் என்று இல்லை. தண்ணீர் என்றைக்கு ஏறியது, எவ்வளவு ஏறியது, ஒன்றும் இல்லை. திறப்பதற்கு இருபத்தேழு சொல் இருந்தது, எதைத் திறப்பது என்று ஒரு இடத்தில் மட்டும் இருந்தது. அதுவும் மை சிந்திய பக்கத்தில்.

கிளாக்கர் எட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். "அன்பட்டன். முகத்துவாரம் என்ன, கோட்டா போட்டிரிக்கு?"

வாசலில் நின்ற பியோன் சிரித்தான். அவனுக்கு இங்கிலீசு தெரியாது. என் முகத்தைப் பார்த்தே சிரித்திருப்பான். நான் என் கோட்டில் பொத்தான் இல்லாத இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

மனிதர் நல்லவர். ஒரு அரைத் தாளை எடுத்தார். என்னிடம் நாலு கேள்வி கேட்டார். இரண்டு வரி எழுதினார். எழுதிய மை காய்வதற்குள் துரையின் அறைக்குள் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்தார்.

"நாளைக்கு விடிய வெட்டுங்க. மீன்பிடிக்கிற ஆக்களுக்கு நான் ஆளனுப்பிறன்." பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். "தண்ணி ஞாயித்துக்கிழமை ஏறினது எண்டு சொன்னாய். நீ திங்கக்கிழமை வந்து வாயால சொல்லியிருந்தாலும் எழுதித் தந்திருப்பனே. இவ்வளவு நாளும் எங்க போனாய்?"

போன இடத்தின் பெயரை நான் சொல்லவில்லை.

மூன்று வெட்டு

சனிக்கிழமை முகத்துவாரத்தில் நூறு பேர் கூடினார்கள். தேங்காய் உடைத்தார்கள், காக்காவின் ஆட்கள் ஒரு பாத்திஹா ஓதினார்கள். மண்வெட்டிகள் எழும்பி விழுந்தன. நானும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மண்வெட்டியைப் பிடித்தேன். மூன்று வெட்டு வெட்டினேன். முதல் வெட்டு மணலில், இரண்டாவது வெட்டு பக்கத்தில் நின்றவரின் மண்வெட்டியில், மூன்றாவது என் சொந்தச் செருப்பில். காக்கா வந்து மெல்லமாக மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அங்கால போய் இரி தம்பி. உன்ட வேலை முடிஞ்சிது," என்றார்.

மத்தியானம் போல ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் கடலைத் தொட்டது. பிறகு மனிதர் வெட்ட வேண்டியிருக்கவில்லை. தண்ணீரே கரையைத் தின்று தின்று அகலமாக்கிக்கொண்டு பழுப்பு நிறத்தில் இரைந்து ஓடியது. உப்பும் சேறும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. எல்லாரும் கூவினார்கள். விதானையார் என்னைக் கட்டிப்பிடித்து, "உன்ட இங்கிலீசுதான் தம்பி வெட்டினது!" என்றார். கிளாக்கரின் இரண்டு வரியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, வெட்கம் கெட்டவன்.

இரண்டு நாளில் வட்டை தலைதூக்கியது. மேட்டுக்காணிகளில் பயிர் சேறு பூசிக்கொண்டு எழும்பி நின்றது. காக்காவின் காணி தப்பியது, விதானையாரின் காணி தப்பியது. பள்ளக்காணியில் பயிர்த் தாளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வேரோடு வந்தது. அழுகல் மணம் கையில் இரண்டு நாள் இருந்தது.

அத்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

களவெட்டிக்கு வெளியே

மாசியில் அறுவடை வந்தது. வட்டை முழுக்கச் சூடுகள் ஆளுயரத்துக்கு எழும்பின. அக்காவுக்குப் பள்ளக்காணியின் மேட்டு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு மட்டும் தப்பியிருந்தது. அதை அடிக்கிற அன்று நான் தோணி ஏறிப் போனேன். போகாமலிருக்கப் பல காரணம் யோசித்தேன். எல்லாம் ஒரே காரணத்தின் வேறு வேறு பேர்கள்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் களவெட்டிக்குள் போனேன். அத்தான் தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய காலடியில் கிடந்தது இரண்டு சாக்குக்குக்கூடக் காணாது.

"எப்படி அத்தான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் நிமிரவில்லை. "நிறைஞ்சிரிக்கு மச்சான்," என்றார். "பொலி பெருகியிரிக்கு."

களத்தின் வழக்கப்படி சரியான பதில்தான். அந்தச் சொல்லைப் பற்றித்தான் நான் ஒரு காலத்தில் சிரித்தேன்.  அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன்.

பெண்கள் களவெட்டிக்குள் போவதில்லை. அக்கா வெளியே வரம்பில் சோற்றுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவளும் களத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது களவெட்டிக்கு வெளியதானே," என்றாள். "இங்க சொல்லலாம். ஒண்டும் இல்லடா தம்பி. விதை நெல்லுக்கும் காணாது."

"அக்கா, அந்தக் கடதாசிய நான் திங்கக்கிழமையே குடுத்திரிக்கலாம்."

"தெரியும்."

"ஆர் சொன்ன?"

"ஆர் சொல்லணும்? காக்கா அண்டைக்கே சொன்னாரே, ஒரு வரி போதும் எண்டு. நானும் அங்கதானே நிண்டன்."

"பிறகு ஏன்க்கா என்னை ஏசல்ல? வியாழக்கிழமையாவது என்னைத் தோணியில ஏத்தி அனுப்பியிருக்கலாமே. ஆரோ பின்னுக்கு நிண்டு இன்னொருக்கா வாசிக்கச் சொல்ல, நானும் பெரிய மனுசன் மாதிரி..."

"அது நான்தான்டா."

 அவள் சோற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தாள். போன வருஷத்துப் பள்ளக்காணி அரிசிச் சோறு, சுட்ட கருவாடு.

"பத்து வருஷமா இந்தக் காணி நெல்லெல்லாம் உன்ட இங்கிலீசுக்குத்தானே போனிச்சி," என்றாள். "அது எப்படியிரிக்கும் எண்டு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அண்டைக்குத்தான் கேட்டன். நல்லா இரிந்திச்சி. பயிர் போயிட்டு எண்டு அப்பவே எனக்குத் தெரியும். எண்டாலும் இன்னொருக்காக் கேக்கணும் போல இரிந்திச்சி."

நான் அழுதேன். இருபத்திரண்டு வயதில், கோட்டுப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வரம்பில் இருந்து அழுதேன்.

"சரி சரி, தின்," என்றாள் அக்கா. "சோறு ஆறுது."

தின்றேன்.